விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் ஒரே சாம்பிள் டிரைவ்

வீட்டிலேயே பாட்டு செய்கிறவர்களின் மேஜையில் இன்று ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருப்பது அபூர்வம். ரெக்கார்டிங்குக்கு விண்டோஸ் டெஸ்க்டாப், வெளியே எடுத்துப்போக மேக்புக், கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் லேப்டாப்பில் லினக்ஸ் என்று எல்லாம் கலந்துதான் இருக்கிறது. சாம்பிள்களோ இடத்தை விழுங்குபவை. இலவசமாகக் கிடைக்கும் சாலமாண்டர் கிராண்ட் பியானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். யமஹா சி5 பியானோ ஒன்றில் மூன்று அரைஸ்வரத்துக்கு ஒரு கட்டை வீதம் எடுத்து, மெல்லத் தொடுவது முதல் ஓங்கி அடிப்பது வரை 16 அழுத்தங்களில் பதிவு செய்த லைப்ரரி அது. ஸ்வரங்களுக்கு மட்டுமே 480 ஃபைல். இப்படிப் பத்து வாத்தியம் சேர்ந்துவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக நிரப்பி வைக்கக் கட்டுப்படியாகாது. ஒரு எக்ஸ்டெர்னல் டிரைவை வாங்கி மாற்றி மாற்றிச் செருகுவதுதான் வழி.

எந்த ஃபார்மட் என்ற கேள்விக்கு விடை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஃபார்மட் ஒரு நாள் வேலை. பாட்டுக்கு நடுவே ‘சாம்பிள் காணவில்லை’ என்று நம்மை நிற்க வைப்பவை பெரும்பாலும் டிரைவின் முகவரியும் ஃபைல்களின் பெயர்களும்தான். ஆகவே 5-வது குறிப்பிலிருந்து வருபவற்றை அவசரப்படாமல் படியுங்கள்.

1. மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் படிக்கவும் எழுதவும் வேண்டுமென்றால் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் சொந்த என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும். ஆனால் அதில் ஒரு ஃபைலைக்கூட எழுத விடாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ், அதற்கு முந்தைய எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டையும் விண்டோஸ் திறக்கவே திறக்காது. பழைய ஃபேட்32 எங்கும் ஓடும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை அதில் வைக்க முடியாது. பெரிய லைப்ரரிகள் பல அந்த அளவைத் தாண்டிய ஃபைல்களாகத்தான் வருகின்றன. எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்தது. மேக்கில் 2010-ல் வந்த 10.6.5 பதிப்பு முதல் அது இயல்பாகவே இருக்கிறது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலிலும், 5.4 பதிப்பிலிருந்து, சேர்ந்துவிட்டது.

மேக்கில் என்டிஎஃப்எஸ் எழுதவும், விண்டோஸில் மேக் டிரைவைத் திறக்கவும் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் டிரைவ் போகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது இருந்தாக வேண்டும். ஓஎஸ்ஸைப் புதுப்பித்ததும் அதையும் புதுப்பிக்க வேண்டும். நண்பரின் ஸ்டூடியோவில் போய்ச் செருகும்போது அங்கே அது இருக்காது. என் ஓட்டு எக்ஸ்ஃபேட்டுக்குத்தான்.

2. ஃபார்மட்டை விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுங்கள். மேக்கில் செய்த எக்ஸ்ஃபேட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாமல் போவது உண்டு. மேக் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால், டிஸ்க் யூட்டிலிட்டியில் வியூ மெனுவுக்குப் போய் எல்லா டிவைஸ்களையும் காட்டச் சொல்லி, உள்ளே இருக்கும் பார்ட்டிஷனை விட்டுவிட்டு மேலே இருக்கும் டிரைவையே தேர்ந்தெடுத்து, ஸ்கீம் என்ற இடத்தில் ஜியுஐடி வைத்துச் செய்யுங்கள். எம்பிஆர் என்ற பழைய முறையில் 2 டிபிக்கு மேல் கணக்கில் வராது.

விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது அலொகேஷன் யூனிட் சைஸ் என்று ஒரு கட்டம் வரும். யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் டிரம் சாம்பிள் அதிகம் வைத்திருப்பவர்கள் தொட வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்வது 128 கேபி. அதாவது எவ்வளவு சின்ன ஃபைலானாலும் அதற்கு 128 கேபி இடம் ஒதுக்கப்படும். ஹை-ஹாட்டின் மூடிய அடி ஒன்று 0.2 விநாடி ஒலிக்கிறது என்று வையுங்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோவில் அது சுமார் 26 கேபி. மீதி 100 கேபி வீண். இப்படி 10,000 அடிகள் சேர்ந்தால் 260 எம்பி ஒலிக்கு 1.3 ஜிபி இடம் போகும். அந்தக் கட்டத்தில் 32 கேபி என்று வைத்தால் இழப்பு பெருமளவு குறைந்துவிடும். பியானோ, வயலின் போன்ற நீண்ட சாம்பிள்கள் மட்டும் என்றால் 128 கேபியே போதும்.

3. மேக்கில் லாஜிக் ப்ரோ வைத்திருக்கிறீர்களா? அதன் சொந்த சவுண்ட் லைப்ரரியை வெளி டிரைவுக்கு மாற்ற ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் அல்லது எச்எஃப்எஸ் பிளஸ் டிரைவைத்தான் கேட்கிறது, எக்ஸ்ஃபேட் ஆகாது. டிரைவை முதலிலேயே இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, ஒன்றை மேக்குக்கும் பெரியதைப் பொதுவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய பிறகு பிரிப்பது பெரும்பாடு.

4. மேக் பார்ட்டிஷன் உள்ள டிரைவை விண்டோஸில் செருகியதும், டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி மேலே வந்து நிற்கும். கேன்சல் அழுத்துங்கள். மேக்கும் தனக்குப் புரியாத டிரைவைக் கண்டால் ‘இனிஷியலைஸ்’ என்று ஒரு பட்டனைக் காட்டும். அதைத் தொட்டு மேலே போனாலும் டிரைவ் காலியாவதில்தான் முடியும். டைம் மெஷினுக்கு இந்த டிரைவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மேக் கேட்டால் அதற்கும் ‘வேண்டாம்’தான் பதில், ஒப்புக்கொண்டால் டிரைவைத் தன் ஃபார்மட்டுக்கு மாற்றுவதற்காக அழித்துவிடும். வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

5. டிரைவின் பெயரை ஒருமுறை வையுங்கள். பிறகு மாற்றவே மாற்றாதீர்கள். எல்லாக் குறிப்புகளிலும் இதுதான் முக்கியமானது என்பேன். சாம்ப்ளர் மென்பொருளும் பாட்டு ஃபைலும் ஒலியைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் வைத்துக்கொள்கின்றன. அந்த முகவரி மூன்று ஓஎஸ்ஸிலும் மூன்று விதம். விண்டோஸில் அது டிரைவ் எழுத்தில் தொடங்கும். மேக்கில் ‘வால்யூம்ஸ்’ என்ற இடத்துக்குக் கீழே டிரைவின் பெயரால் தொடங்கும். லினக்ஸில் ‘மீடியா’ ஃபோல்டருக்குள் பயனர் பெயர், அதற்குள் டிரைவின் பெயர்.

விண்டோஸில் நேற்று ‘இ’ என்று வந்த டிரைவ், இன்று ஒரு பென் டிரைவ் முன்னால் செருகியிருந்தால் ‘எஃப்’ ஆகிவிடும். பாட்டு பழைய முகவரியில் போய்த் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கும். இதற்கு நிரந்தரத் தீர்வு இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, எழுத்தை மாற்றும் வசதியில் வரிசையின் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை, உதாரணமாக ‘எஸ்’ஸை, கொடுத்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு விண்டோஸ் இருந்தால் இரண்டிலும் அதே எழுத்து.

மேக்கில் வேறொரு சிக்கல். டிரைவைச் சரியாக வெளியேற்றாமல் பிடுங்கினால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த முறை அதே டிரைவ் பெயருக்குப் பின்னால் 1 என்ற எண்ணோடு வரும். ஃபைண்டரில் எல்லாம் சரியாகத் தெரிய, சாம்ப்ளர் மட்டும் எதையும் காணாமல் தவிக்கும். டிரைவை எஜெக்ட் செய்து, மேக்கை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், 11 எழுத்துக்குள் இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் டிரைவின் பெயருக்கு 11-தான் எல்லை.

6. ஃபைல், ஃபோல்டர் பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், கிடைக்கோடு, அடிக்கோடு இவை மட்டும் போதும். மேக்கோ லினக்ஸோ ஏற்றுக்கொள்ளும் பல குறிகளை விண்டோஸ் ஏற்காது: கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், சாய்கோடுகள், நேர்க்கோடு, கோண அடைப்புகள். ‘கிக்/ஸ்னேர்’ என்று சாய்கோடு போட்டு மேக்கில் ஃபோல்டர் வைப்பவர்கள் ஏராளம். பெயரின் கடைசியில் வரும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும்கூட விண்டோஸுக்கு ஆகாது. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியாது. எதனால் காப்பி ஆகவில்லை என்று மணிக்கணக்கில் தேட வைக்கும். ஷார்ப் ஸ்வரத்துக்குப் போடும் # குறி பிரச்சினை இல்லை; தாராளமாக வையுங்கள்.

இசைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் சில பெயர்களைக் கருவிகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் ஒன்று ‘ஆக்ஸ்’, அதாவது ஏ, யு, எக்ஸ் என்ற மூன்று எழுத்து. துணைத் தாளவாத்தியங்களுக்கு மேக்கில் இந்தப் பெயரில் ஃபோல்டர் வைத்துவிட்டு விண்டோஸில் திறக்கப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். கூட ஒரு சொல் சேர்த்து ‘ஆக்ஸ் பெர்கஷன்’ என்று வைத்தால் தொல்லை இல்லை. சி-ஓ-என், பி-ஆர்-என், என்-யு-எல் என்ற பெயர்களும் இதே கதைதான்.

7. தமிழில் பெயர் வைக்க ஆசையாக இருக்கும். வைக்கலாம், ஆனால் ஒ, ஓ, ஔ குறிகள் வரும் பெயர்களில் கவனம். ‘கொன்னக்கோல்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதன் முதல் எழுத்தில் உள்ள குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாக ஒரே குறியாக விழும். மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். விளைவு, ஒரே ஃபோல்டரில் ‘தோல்’ என்ற பெயரில் இரண்டு ஃபைல் நிற்கும். அல்லது கண்ணெதிரே இருக்கும் ஃபைலைச் சாம்ப்ளர் இல்லை என்னும். மிருதங்கம், கஞ்சிரா, நாதஸ்வரம் என்று சொந்தமாகப் பதிவு செய்து சேர்ப்பவர்கள் டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, தமிழ் விளக்கத்தை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

8. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகாதீர்கள். விண்டோஸில் பல மென்பொருள்கள் முழு முகவரியும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று இன்னும் எதிர்பார்க்கின்றன. நிறுவனத்தின் பெயர், லைப்ரரியின் பெயர், வாத்தியம், வாசிப்பு முறை, மைக், அழுத்தம், ஸ்வரம் என்று அடுக்கினால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். லைப்ரரி ஃபோல்டர்களை டிரைவின் முதல் மட்டத்திலேயே வையுங்கள். வாங்கிய லைப்ரரிக்குள் இருக்கும் ஃபோல்டர் பெயர்களை மட்டும் மாற்றாதீர்கள்; அந்தப் பெயர்களை நம்பித்தான் அதன் வாத்திய ஃபைல்கள் இருக்கின்றன.

9. பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் ஒரே வழக்கம். விண்டோஸும் பெரும்பாலான மேக்குகளும் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸின் சொந்த டிரைவில் அப்படி இல்லை. எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

10. மேக்கில் செருகி எடுத்த டிரைவை விண்டோஸில் பார்த்தால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் ஒட்டிய இன்னொரு ஃபைல் இருக்கலாம். பெரும்பாலும் 4 கேபிதான் இருக்கும். வைரஸோ என்று பயப்பட வேண்டாம். மேக் தன் ஃபைல்களோடு சில கூடுதல் தகவல்களை வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட்டில் அதற்கு இடம் இல்லாததால் தனி ஃபைலாக எழுதிவிடுகிறது. மேக்கில் அவை கண்ணில் படாது. ஆனால் விண்டோஸிலோ லினக்ஸிலோ ஒரு ஃபோல்டரை முழுதாக இழுத்துச் சாம்ப்ளரில் போடும்போது இவையும் சேர்ந்து வரும். பெயர் வேவ் என்று முடியும்; உள்ளே ஒலி இருக்காது. பாதி கட்டைகள் ஊமையாகும். அல்லது சாம்ப்ளர் பிழை காட்டி நின்றுவிடும். சில சாம்ப்ளர் கருவிகளில் இந்த வெற்று ஃபைல்கள் பட்டியலை இரட்டிப்பாக்கி, எது அசல் என்று குழப்பும்.

துடைப்பது சுலபம். மேக்கில் டெர்மினலைத் திறந்து ‘டாட்’, அடிக்கோடு, ‘க்ளீன்’ மூன்றையும் சேர்த்து எழுதிய கட்டளையை, பின்னால் கிடைக்கோடும் எம் எழுத்தும் சேர்த்து, டிரைவை அந்த ஜன்னலுக்குள் இழுத்து விட்டு என்டர் அழுத்துங்கள். முடிந்த கையோடு எஜெக்ட் செய்யுங்கள். விண்டோஸில் என்றால் தேடும் பெட்டியில் அந்தப் புள்ளியையும் அடிக்கோட்டையும் கொடுத்துத் தேடி, அதே பெயரில் அசல் ஃபைலும் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழிக்கலாம். மேக்கில் கட்டிய ஜிப்பை விண்டோஸில் பிரித்தால் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு ‘மேக்ஓஎஸ்எக்ஸ்’ என்ற ஃபோல்டர் ஒன்று வரும். அதுவும் இதே சமாச்சாரம்தான், எடுத்துவிடலாம்.

11. ஒலி ஃபைல் வேவ் ஆகவே இருக்கட்டும். மேக்கின் ஏஐஎஃப்எஃப்பையும் பெரும்பாலான மென்பொருள்கள் படிக்கும். ஆப்பிள் லூப்கள் சில சிஏஎஃப் என்ற ஃபைலாக வரும். அவற்றை மேக்கிலேயே வேவாக மாற்றிவிட்டு டிரைவில் ஏற்றுங்கள். எம்பி3 வேண்டவே வேண்டாம். லூப்பின் முன்னாலும் பின்னாலும் துளி மௌனம் சேர்ந்து தாளம் தவறும்.

12. சாம்ப்ளர் மென்பொருளை டிரைவில் வைக்காதீர்கள். அது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனியாக இன்ஸ்டால் ஆக வேண்டியது. டிரைவில் ஒலியும் வாத்திய ஃபைல்களும் மட்டும். காண்டாக்ட் சாம்ப்ளர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நேட்டிவ் ஆக்சஸ் செயலியில் லைப்ரரியின் இடத்தை ஒருமுறை காட்ட வேண்டியிருக்கும். வாங்கிய லைப்ரரி அல்லாமல் நீங்களே செய்த வாத்தியங்கள் சாம்பிளைக் காணாமல் திணறினால், ஃபைல் மெனுவில் உள்ள ‘பேட்ச் ரீ-சேவ்’ முழு ஃபோல்டருக்கும் முகவரியைப் புதிதாக எழுதிக்கொடுக்கும். அதைச் செய்வதற்கு முன் அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; பழைய வாத்திய ஃபைல்களின் மேலேயே எழுதிவிடும்.

காண்டாக்ட்டுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மூன்றிலும் ஓட வேண்டுமென்றால் டீசன்ட் சாம்ப்ளரும், எஸ்எஃப்இசட் ஃபைல்களைப் படிக்கும் எஸ்ஃபிஸ்ஸும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். எஸ்எஃப்இசட்டை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான் அது. நோட்பேடில் திறந்து, எந்தக் கட்டைக்கு எந்தச் சாம்பிள் என்று வரி வரியாகப் படிக்கலாம். ஓர் அடி பிசகினால் எங்கே என்று கண்ணாலேயே பார்த்துத் திருத்தலாம். சாம்பிளின் இடத்தை அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடுவதால் டிரைவ் எழுத்து எதுவானாலும் கவலை இல்லை. எழுதும்போது முன்பக்கம் சாயும் கோட்டையே போடுங்கள். பின்பக்கம் சாய்வது விண்டோஸில் ஓடிவிடும். மற்ற இடங்களில் உத்தரவாதம் இல்லை.

13. புதிய சாம்பிள்களைச் சேர்ப்பது, நகர்த்துவது, பெயர் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் செய்யுங்கள். மற்றவை படிக்க மட்டும்.

14. ஒரு பாட்டு முடிவடையும் கட்டத்துக்கு வந்ததும் அது பயன்படுத்தும் ஒலிகளைப் பாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே இழுத்துக்கொள்ளுங்கள். ஏபில்டன் லைவில் இதற்கு ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’ இருக்கிறது. மற்ற மென்பொருள்களிலும் இதே வேலைக்கு ஒரு வசதி இருக்கும். இரண்டு வருடம் கழித்து மிக்ஸைத் திருத்தச் சொல்லி யாராவது கேட்கும்போது அந்த டிரைவ் கையில் இருக்குமோ இல்லையோ.

15. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். சாம்ப்ளர் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் ஏற்றிக்கொண்டு, மீதியைக் கட்டை அழுத்தியதும் டிரைவிலிருந்து ஓட ஓட எடுக்கும். பெடலை மிதித்தபடி பியானோ வாசித்தால் 100 ஒலிகள் ஒரே சமயத்தில் ஒலிப்பது சாதாரணம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஓர் ஒலிக்கு விநாடிக்கு 288 கேபி. நூற்றுக்கு ஏறத்தாழ 29 எம்பி. அளவு பெரிதில்லை. ஆனால் அந்த நூறும் தட்டின் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11 மில்லிவிநாடி. முனை நகர்வதற்கான நேரம் தனி. அதனால்தான் பெரிய கோர்டு விழும்போது படபடவென்று ஒலி உடைகிறது. எஸ்எஸ்டியில் இந்த ஓட்டமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். பேக்கப்புக்கு அது அருமையானது.

16. எஸ்எஸ்டி வாங்கியும் மந்தமா? கேபிளைப் பாருங்கள். போனோடு வரும் டைப்-சி கேபிள்கள் பல சார்ஜ் ஏற்றுவதற்கானவை. தரவை யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் கடத்தும். கணக்கில் அது விநாடிக்கு 480 மெகாபிட். கையில் கிடைப்பது 35, 40 எம்பி. மேலே சொன்ன ஒரு பியானோவுக்கே அது மூச்சுத் திணறும். டிரைவோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், அதை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், டிரைவ் மூன்றையும் பவர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கவிடுவதும் தவறு.

17. எஜெக்ட் செய்யாமல் பிடுங்காதீர்கள். என்டிஎஃப்எஸ்ஸும் ஏபிஎஃப்எஸ்ஸும் எழுதும் வேலை பாதியில் நின்றாலும் டிரைவின் கட்டமைப்பு சிதையாதபடி தங்களைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வருபவை. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. அது எங்கும் ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களை ‘உடனே எடுக்கலாம்’ என்ற அமைப்பு இயல்பாக இருக்கிறது. இருந்தாலும் காப்பி முடிந்ததும் எஜெக்ட் செய்துவிட்டே எடுங்கள்.

அவசரத்தில் பிடுங்கிய டிரைவை மேக்கில் செருகினால் சில நேரம் திரையில் வரவே வராது. போய்விட்டது என்று பதறி மறுபடி பிடுங்குவார்கள், அதுதான் ஆபத்து. மேக் அப்போது பின்னணியில் டிரைவைச் சோதித்துக்கொண்டிருக்கும். டிஸ்க் யூட்டிலிட்டியில் பெயர் மட்டும் மங்கலாகத் தெரியும். டிரைவ் பெரிதாக இருந்தால் நீண்ட நேரம் பிடிக்கும். காத்திருங்கள். பிறகும் வராவிட்டால் விண்டோஸில் செருகி, கமாண்ட் பிராம்ப்ட்டில் செக்டிஸ்க் ஓட்டுங்கள். எக்ஸ்ஃபேட்டைப் பழுதுபார்க்க அது நல்ல துணை.

18. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்து வையுங்கள். அது இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். என்டிஎஃப்எஸ் டிரைவ் எழுத முடியாத நிலையில் லினக்ஸில் வருவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

19. சாம்பிள் டிரைவை விண்டோஸின் தேடல் இண்டெக்ஸிலிருந்தும், மேக்கின் ஸ்பாட்லைட்டிலிருந்தும் நீக்கிவிடுங்கள். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அவை புரட்டிக்கொண்டே இருந்தால் டிரைவுக்கு ஓய்வே இல்லை. வாத்தியம் ஏற மிகவும் தாமதமானால், நம்பகமான இடத்தில் வாங்கிய லைப்ரரி ஃபோல்டர்களை மட்டும் ஆன்ட்டிவைரஸின் நேரடிச் சோதனையிலிருந்து விலக்கலாம். முழு டிரைவையும் விலக்காதீர்கள். பல கம்ப்யூட்டருக்குப் போய்வருகிற டிரைவ் அது.

20. இன்னொரு முழுக் காப்பி வேண்டும். வாங்கிய லைப்ரரியை மறுபடி டவுன்லோடு செய்யலாம். நீங்களே பதிவு செய்த மிருதங்கத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? ஃப்ரீஃபைல்சிங்க் மூன்று ஓஎஸ்ஸிலும் இலவசமாக ஓடுகிறது. மாறிய ஃபைல்களை மட்டும் பேக்கப் டிஸ்க்குக்குக் கடத்தும். அதில் ‘மிரர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், இந்தப் பக்கம் தவறி அழித்தது அந்தப் பக்கமும் அழியும். பட்டனை அழுத்துவதற்கு முன் எத்தனை ஃபைல் அழியப்போகிறது என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பேக்கப் டிஸ்க்கை சாம்பிள் டிரைவ் இருக்கும் அதே பையில் வைக்காதீர்கள்.

21. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே வீட்டில், நகராமல் இருக்கின்றனவா? அப்படியானால் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஒரு நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியில் வைத்து நெட்வொர்க்கில் பகிரலாம். உள்ளே எந்த ஃபார்மட் என்பது அந்தப் பெட்டியின் கவலை. மூன்று ஓஎஸ்ஸும் எஸ்எம்பி என்ற நெட்வொர்க் முறை வழியாகப் படித்துவிடும். கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 110 எம்பி அளவில் கிடைக்கும். டிரம்முக்கும் லூப்புக்கும் தாராளம். வைஃபையில் காப்பி மட்டும் செய்யுங்கள், வாசிக்காதீர்கள்.

22. டிரைவை நண்பரிடம் கொடுப்பதற்கு முன் உரிமத்தைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய லைப்ரரிகளில் பெரும்பாலானவை, வாங்கியவர் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களில் பயன்படுத்த மட்டுமே அனுமதிக்கின்றன. இன்னொருவரிடம் காப்பி கொடுப்பது அதில் சேராது. எத்தனை கம்ப்யூட்டர் என்ற எண்ணும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இலவச லைப்ரரிகளிலும் வேறுபாடு உண்டு. சாலமாண்டர் பியானோ முதலில், பெயர் குறிப்பிட வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம். சிலவற்றைக் காசு வரும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தக்கூடிய ஒலிகளையும் கூடாதவற்றையும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு லைப்ரரியோடு வரும் உரிமக் குறிப்பை அதன் ஃபோல்டரிலேயே விட்டு வையுங்கள். தனித்தனியாக இறக்கிய ஒலிகளுக்கு நீங்களே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒலியின் பெயர், பதிவு செய்தவர், உரிமம், இறக்கிய தேதி நான்கையும் எழுதி, அந்த ஒலிகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள்.